சர்க்கரை போட்டாச்சு

மார்ச் 4

தம்பிக்கு,

உன் குரலை இனி நான் கேட்கவே கூடாது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னேன். உன் எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் இந்தக் கடிதம் வருகிறது. பழைய சண்டையைக் கிளறவும் எழுதவில்லை, சமாதானம் பேசவும் எழுதவில்லை. உன் மாமா உட்கார்ந்து எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

ஏப்ரல் பத்தொன்பது, சனிக்கிழமை, அவருக்கு ஐம்பது வயது முடிகிறது. வீட்டில் ஆறு பேருக்கு விருந்து வைக்கப் போகிறாராம். சும்மா விருந்து இல்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அதற்குப் பொருத்தமான ஒரு பீர். பல் டாக்டர் வீட்டில் காத்திருந்தபோது ஏதோ பழைய பத்திரிகையில் படித்தாராம். பஸ் ஓட்டுவதை விட்டு டிப்போவில் டைம் எழுத உட்கார்ந்த நாளிலிருந்து சமையல் பைத்தியம் பிடித்துவிட்டது. இப்போது அதற்கு ஜோடி தேடுகிறார். பீர் உன் கையால் செய்ததாக இருக்க வேண்டுமாம். முடிந்தால் நீயும் வர வேண்டுமாம்.

நான் வேண்டவே வேண்டாம் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த வீட்டுக்குள்ள நாலு வருஷமா ஒரு சோடா பாட்டில்கூட வரல. எனக்குக் கண்ணு போச்சு, உனக்குத் தைரியம் போச்சு. ரெண்டுல ஒண்ணையாவது திருப்பி வாங்கலாமே."

அவருக்கு என்ன, சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறதடா. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே கையால் முகத்தை மூடிக்கொள்கிறேன். நீ முடியாது என்று எழுதிவிடு. வேலை அதிகம், பாட்டில் கிடைக்கவில்லை, எதையாவது சொல். அவர் நம்பிவிடுவார், அவர் எதையும் நம்புகிறவர்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

உன் கையெழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிரிக்காமல் அரை நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மதியம் பீர் ஆலையில் தொட்டி கழுவுகிற இடத்தில் நின்று பிரித்தேன். விருந்து என்று இருந்தது. இரண்டாவது முறை படித்த பிறகுதான் மூச்சு சரியாக வந்தது.

முடியாது என்று எழுதச் சொல்கிறாய். என்னால் அதை எழுத முடியாது. அன்றைக்குச் சர்க்கரையை இரண்டு தடவை போட்டவன் நான். அந்தக் கை செய்ததைக் குடிக்கிறேன் என்று அவரே கேட்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பீர் அனுப்புகிறேன். ஆனால் நான் வரமாட்டேன். அவர் முகத்தைப் பார்க்கிற துணிச்சல் இன்னும் வரவில்லை. அவரிடம் இதை நல்ல வார்த்தையாகச் சொல்.

நீ பயப்படுவது நியாயம்தான். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பீர் நொதித்து முடிந்த பிறகு பாட்டிலில் அடைக்கும் முன் கொஞ்சம் சர்க்கரை கரைத்து ஊற்றுவோம். பாட்டிலுக்குள் மிச்சமிருக்கிற ஈஸ்ட் அதைத் தின்றுதான் நுரைக்கான வாயுவை உண்டாக்கும். அளவாகப் போட்டால் நுரை. இரண்டு மடங்கு போட்டால் குண்டு. அவ்வளவுதான் விஷயம். பன்னிரண்டு நாள் அலமாரியில் சாதுவாக நின்றுவிட்டு, மாமா கையில் எடுத்த நிமிஷத்தில் வெடித்ததே, அது இந்த ஒரு தவறால்தான். வேறு எந்தப் பேயும் அதில் இல்லை.

இங்கே நான் எடை போட்டால் இன்னொருவர் சரிபார்க்காமல் ஒரு கிராம்கூட உள்ளே போகாது. நானே வைத்துக்கொண்ட சட்டம். ஆலையில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

மெனுவைக் கேட்டு எழுது. என்ன சாப்பாடு என்று தெரியாமல் பீர் அனுப்ப முடியாது.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

நீ வரவில்லை என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த நிம்மதியை நினைத்துத் தனியாக ஒரு பயம் வந்தது. அதை விடு.

அவர் முகம் வாடிவிட்டது. "மச்சான் இன்னும் என்னைப் பாத்துப் பயப்படுறானா? நான் என்ன ஒத்தைக் கண்ணு ராட்சசனா?" என்று கேட்டார். அப்புறம் மெனுவை எழுதிக்கொடுத்தார். இதோ: முதலில் எலுமிச்சை பிழிந்த வறுத்த மீன். அடுத்து ஓவனில் சுட்ட முழுக்கோழி, கூட உருளைக்கிழங்கு. மூன்றாவது, காய்ந்த மிளகாய் அரைத்துப் போட்ட ஆட்டுக்கறி. இதற்கு உன்னிடம் இருப்பதிலேயே கசப்பான பீர் வேண்டுமாம், "ஆம்பளைக்கு ஆம்பளை" என்கிறார். கடைசியில் சாக்லேட் கேக். கேக் மட்டும் நான் செய்ய வேண்டுமாம்.

வருகிறவர்கள்: அவரோடு பன்னிரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டரும் அவர் மனைவியும், அவருக்கு ஆபரேஷன் செய்த கண் டாக்டர், மாடி வீட்டு டீச்சர். டாக்டரையுமா கூப்பிட வேண்டும் என்றேன். "பாட்டில் வெடிச்சா கைக்காவலா இருப்பார்ல" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்கே இருமல் வந்துவிட்டது. என்னால் சிரிக்க முடியவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். ஒற்றைக் கண் இருப்பவருக்கு எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிடிபடுவதில்லை. தண்ணீர் ஊற்றினாலே டம்ளருக்கு வெளியே போகும். அதனால் சொம்பின் வாயை டம்ளர் விளிம்பில் 'டிங்' என்று முட்டவைத்துத்தான் ஊற்றுவார். விருந்தில் தானே எல்லோருக்கும் ஊற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறார். பீரை அப்படி ஊற்றலாமா? அசிங்கமாக இருக்குமா? வேண்டாம் என்றால் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நான் வேலை பார்க்கிற மருந்துக் கடையில் நேற்று ஒரு குழந்தைக்கு ஐந்து மில்லி என்று எழுதியிருந்ததை மூன்று தடவை படித்து, ஓனரைக் கூப்பிட்டு அவரையும் படிக்கவைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். உனக்கு வைத்துக்கொண்ட சட்டம் எனக்கும் உண்டு என்று சொல்வதற்காக எழுதினேன்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

முதலில் மாமாவின் டிங். தாராளமாக முட்டவைத்து ஊற்றட்டும். எங்கள் தொழிலில் அப்படிச் செய்யக் கூடாது என்பார்கள். தொழில் கிடக்கிறது. கிளாஸைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, பாட்டில் வாயை விளிம்பில் வைத்து, மெதுவாக. பாதி நிரம்பியதும் கிளாஸை நிமிர்த்தினால் இரண்டு விரல் நுரை நிற்கும். ஒரு நாள் தண்ணீரில் பழகச் சொல். கிளாஸில் சோப்பு வாசனை துளிகூட இருக்கக் கூடாது, இருந்தால் நுரை செத்துவிடும். நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வை, துணியால் துடைக்காதே.

மீனுக்குக் கோதுமை பீர். லேசானது, கொஞ்சம் புளிப்பு, நிறைய நுரை. எண்ணெயில் பொரித்ததைத் தின்றபின் நாக்கில் ஒரு பிசுக்கு நிற்கும் இல்லையா, அதை அந்த நுரை கழுவிவிடும். அடுத்த துண்டு முதல் துண்டு மாதிரியே இருக்கும். கோழிக்குச் செம்பழுப்பு. அந்தப் பீருக்கான தானியத்தை வறுத்துத்தான் செய்கிறோம், கோழித் தோலும் வறுபட்டுத்தான் சிவக்கிறது. இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள், பேசிக்கொள்வார்கள்.

ஆட்டுக்கறிக்குக் கசப்பு பீர் கூடவே கூடாது. ஆம்பளைக்கு ஆம்பளை என்று மாமா பேசுவது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கசப்பு காரத்தை இன்னும் கிளப்பிவிடும். கண்டக்டர் மனைவி எழுந்து ஓடுவார். தித்திப்பு சாய்ந்த ஒன்று அனுப்புகிறேன், கசப்பு பேருக்குத்தான் இருக்கும். காரத்தைத் தட்டிக்கொடுத்து உட்கார வைக்கும். கேக்குக்குக் கறுப்பு பீர். காபி மாதிரி வாசனை வரும். கேக்கில் சர்க்கரையை நீ வழக்கமாகப் போடுவதைவிடக் குறைத்துப் போடு, இல்லாவிட்டால் பீர் வெறும் கஷாயமாகத் தெரியும். இதே வரிசையில்தான் கொடுக்க வேண்டும். லேசிலிருந்து கனத்துக்கு. கறுப்பை முதலில் குடித்துவிட்டால் மற்றதெல்லாம் தண்ணீர்தான்.

வகைக்கு மூன்று, மொத்தம் பன்னிரண்டு பாட்டில். பதின்மூன்றாவது ஒன்று வரும், கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருப்பேன். அது சோதனைக்கு. குளிரவைத்து, மேலே துண்டு போட்டு மாமாவைத் திறக்கச் சொல். 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நீ ஒரு தடவை பக்கத்தில் நின்று கேட்டால் போதும்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். முதலாளி என்னைத் தலைமைப் பொறுப்பில் வைக்கிறேன் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். வேண்டாம் என்றேன். என்ன காரணம் என்று கேட்டார். என் கைக்கு ஞாபகம் கிடையாது என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும். சர்க்கரையைப் போட்டது எனக்கு ஒரு தடவைதான் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது தடவை எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. செய்தது மறந்துபோகிற கையை நம்பி எப்படி ஒரு ஆலையை ஏற்பது?

தம்பி


ஏப்ரல் 1

குண்டூசி,

உன்னை இப்படிக் கூப்பிட்டு நாலு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் உன்னை அப்படிக் கூப்பிட நீ விடுவாயோ என்னவோ. அதனால் இப்போதே ஒரு தடவை.

பெட்டி நேற்று பஸ் பார்சலில் வந்தது. கண்டக்டர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். குளியலறையில் பெரிய அண்டாவுக்குள் இறக்கிவைக்கச் சொல்லி, மேலே இரண்டு ஜமுக்காளம் போட்டு மூடி, கதவைச் சாத்திவிட்டேன். மாமா குளிக்கப் போனால் அவர் வெளியே வரும்வரை வாசலில் நிற்கிறேன். நான் மாடி வீட்டு டீச்சர் வீட்டில் குளிக்கிறேன். குழாய் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறேன். சிவப்பு நூல் பாட்டிலை அவர் இன்று காலை திறந்தார். தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தேன், போட்டுக்கொண்டார். நீ சொன்ன மாதிரி உஸ் என்றுதான் சத்தம் வந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் தெருமுனைக்குப் போய்விட்டேன்.

பாட்டிலுக்குத்தான் பயப்படுகிறேன் என்று அவரும் நினைக்கிறார், நீயும் நினைக்கிறாய். இல்லை.

உன் கைக்கு ஞாபகம் இருக்கிறது. நீ ஒரு தடவைதான் போட்டாய்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நீ செய்த பீரை அடைப்பதற்காகப் பின்பக்கம் தொட்டியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாய். குழாய் முழுசாகத் திறந்திருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். "சர்க்கரை போட்டாச்சு" என்று அங்கிருந்து குரல் கொடுத்தாய். ஊரெல்லாம் 'போட்டாச்சா' என்று கேட்கும். நம் வீட்டில் மட்டும் கேள்விக்கும் அதே சொல், பதிலுக்கும் அதே சொல். குரலைத் தூக்கினால் கேள்வி, இறக்கினால் பதில். அம்மா சர்க்கரை போடாமல் வைத்துவிட்டுப் போகிற டீயில் நீ போட்டாயா நான் போட்டேனா என்று தெரியாமல் எத்தனை நாள் இரண்டு பங்கு தித்திப்பில் குடித்திருக்கிறோம். "உங்க ரெண்டு பேருக்கும் கேள்விக்குறியே கிடையாதா" என்று மாமா கல்யாணமான புதிதில் கேலி செய்வாரே.

குழாய்ச் சத்தத்தில் நீ குரலைத் தூக்கினாயா இறக்கினாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஃப்ரிட்ஜ் கதவில் நீ ஒட்டியிருந்த தாளில் இருபது லிட்டருக்கு நூற்றிருபது கிராம் என்று இருந்தது. எடை போட்டேன். வெந்நீரில் கரைத்தேன். ஊற்றினேன். மருந்துக் கடைக்காரி இல்லையா, ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "போட்டாச்சு" என்று நானும் கத்தினேன். நீ "ஆமா" என்றாய்.

பாட்டில் வெடித்தபோதுகூட எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரிந்தது. சர்க்கரை டப்பாவில் இவ்வளவு எப்படிக் குறைந்தது என்று யோசித்து யோசித்து, "நான்தான்க்கா ரெண்டு தடவை போட்டிருக்கேன்" என்று அழுதாய். உள்ளே அவர் கண்ணில் கத்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். 'இல்லடா, நான்தான்' என்று சொல்லத்தான் திறந்தேன். சத்தியமாக. ஆனால் வந்தது வேறு. உன் குரலே எனக்குக் கேட்கக் கூடாது என்று வந்தது.

அது கோபம் இல்லை. உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்ற பயம். நாலு வருஷம் அந்தப் பயத்துக்குச் சோறு போட்டு வளர்த்துவிட்டேன். இப்போது அது என்னைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்கிறது.

அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை எரித்துவிடு. இல்லை, வேண்டாம். உன் இஷ்டம்.

அக்கா


ஏப்ரல் 6

கடிதம் வந்தது. இப்போது பதில் எழுதினால் பிறகு வருத்தப்படுகிற மாதிரி எழுதிவிடுவேன்.


ஏப்ரல் 9

அக்கா,

மூன்று நாள் கழித்து எழுதினாலும் அப்படித்தான் வருகிறது. பரவாயில்லை, படி.

'நாலு வருஷம் என் தலையில் இருந்தது, இன்னும் நாற்பது வருஷம் இருந்தாலும் பரவாயில்லை' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். பெரிய மனுஷன் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். பொய். பரவாயில்லை என்று இல்லவே இல்லை.

வீட்டைப் பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து தினமும் திரும்பி வருகிறவன் நான். கேஸை மூடினேனா என்று வேலைக்கு நடுவில் ஓடிவருகிறவன். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த ஒரு பெண்ணிடம், நான் செய்வது எனக்கே தெரியாது, என்னோடு குழந்தை குட்டி என்று இருப்பது ஆபத்து என்று நானே சொல்லி அனுப்பிவைத்தேன். உனக்கு இது தெரியாது. தெரியவைக்கும் வழியை நீ அடைத்துவிட்டாய். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை ஒரு தபால் அட்டையில் எழுதிப் போட்டிருக்கலாமே அக்கா. பேர்கூடப் போட வேண்டாம். நான் கண்டுபிடித்திருப்பேன்.

தவறைப் பற்றிக் கோபமே இல்லை. அந்தத் தவறில் எனக்கும் பாதி உண்டு. நீ "போட்டாச்சு" என்றதும், நான் சொன்னதைத்தான் நீ திரும்பக் கேட்கிறாய் என்று நினைத்து "ஆமா" என்றேன். நம் இருவரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு அது. கோபமெல்லாம் அதற்கு அப்புறம் வந்த நாலு வருஷத்தின் மேல்தான்.

மாமாவிடம் நான் சொல்லமாட்டேன். சொல்லு என்று உன்னைக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். ஆனால் அவர் விருந்தில் என்னைப் பற்றிக் கேலி பேசி எல்லோரும் சிரிக்கும்போது நீயும் சேர்ந்து சிரித்தாய் என்று கேள்விப்பட்டால், இதுதான் நான் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம்.

கறுப்பு பீரை மட்டும் ரொம்பக் குளிரவைக்காதே. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வைத்துவிட்டுத் திறக்கச் சொல். வாசனை அப்போதுதான் வரும்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

நான்கு தடவை சொல்லப் போனேன். முதல் தடவை அவர் ஊறவைத்த கறியைத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை குழாயடியில் கிளாஸில் டிங் டிங் என்று ஊற்றிப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மற்ற இரண்டு தடவையும் காரணமே இல்லை, கோழைத்தனம்தான்.

அந்தப் பெண் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. அதை நினைத்துக்கொண்டே கடையில் இன்று பாக்கிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன்.

சிரிக்கமாட்டேன். அது ஒன்றுதான் என்னால் இப்போதைக்கு உனக்குக் கொடுக்க முடிகிற வாக்கு.

அக்கா


ஏப்ரல் 24

தம்பிக்கு,

விருந்து முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

மீனும் கோதுமை பீரும் வந்தபோது நான் அடுப்படியை விட்டு வரவில்லை. அவர் ஒவ்வொரு பாட்டிலாகத் திறக்கும்போது ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன். டிங் என்று சத்தம் கேட்ட பிறகுதான் கதவை மூடினேன். டீச்சர் பீரே குடித்ததில்லை என்று பிகு பண்ணிக்கொண்டிருந்தவர், மீனோடு ஒரு வாய் குடித்துவிட்டு, "அட, எலுமிச்சம்பழம் அதுலயும் இருக்கே" என்றார். கோழிக்கு எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார்கள். நீ சொன்ன ஒரே ஊர்க்காரர்கள் கதையை மாமா தன் கதை மாதிரிச் சொன்னார். ஆட்டுக்கறி வந்ததும் கண்டக்டர் மனைவிக்கு மூக்கில் தண்ணீர் ஊற்றியது. ஒரு வாய் குடித்தார், தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். "என் மச்சான் சொன்னான், காரத்தைத் தட்டிக்கொடுத்து உக்கார வைக்கும்னு" என்று மாமா மார்தட்டினார். மச்சான், மச்சான் என்று உன் பேச்சுதான் முழுக்க.

கேக்கை எடுத்துவந்து நானும் உட்கார்ந்தேன். கறுப்பு பாட்டிலை அரை மணி முன்பே வெளியே எடுத்து வைத்திருந்தேன். அவர் ஓப்பனரைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்து, "டாக்டர், உங்களுக்கு இந்தக் கதை தெரியும், இவங்களுக்குத் தெரியாது. என் மச்சானுக்கு என் மேல ரொம்பப் பிரியம். எல்லாரும் ஒரு தடவை சர்க்கரை போட்டா அவன் எனக்காக ரெண்டு தடவை போட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று ஊரறியச் சொல்கிற விதம் அவருக்கு அது.

நான் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரித்து முடித்த பிறகும் நான் சிரிக்காமல் இருப்பதை அவர் பார்த்துவிட்டார். "என்ன?" என்றார்.

"ரெண்டாவது தடவை போட்டது நான்" என்றேன்.

என் வாய்தான் பேசியது, நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தம், ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாள், போட்டாச்சு, ஆமா, எல்லாவற்றையும் சொன்னேன். வராந்தாவில் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். கண்டக்டர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். கத்தியிருக்கலாம். "நாலு வருஷமா பாட்டிலைப் பாத்தா நீ நடுங்கும்போதெல்லாம், என் கண்ணுக்காக நடுங்குறேன்னு நெனச்சேன். உனக்காகத்தான் நடுங்கியிருக்கே."

அது உண்மை.

அப்புறம் ஓப்பனரை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டிலை என் முன்னால் நகர்த்தினார். "நீ தெற" என்றார்.

டேய், தண்டனையாகச் சொல்கிறாரா, தைரியம் சொல்கிறாரா என்று அந்த ஒற்றைக் கண்ணில் தேடிப்பார்த்தேன். தெரியவில்லை. டாக்டர், "நான் தெறக்கட்டுமா?" என்று கை நீட்டினார். மாமா அவர் கையைப் பிடித்து மேஜை மேல் வைத்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். அவர் கண்ணுக்கு வந்தது என் கண்ணுக்கும் வருவதென்றால் வரட்டும். திறந்தேன்.

உஸ் என்றது. அவ்வளவுதான்.

அவர் பாட்டிலை வாங்கி, டிங் என்று வைத்து எல்லோருக்கும் ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். காபி வாசனை வந்தது. கேக்கில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருந்தேன், சரியாக இருந்தது. யாரும் மிச்சம் வைக்கவில்லை.

அதன்பின் நான்கு நாள் அவர் என்னோடு பேசவில்லை. பால் வந்துவிட்டதா, சாவி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. நான் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து, நம் குளியலறையிலேயே குளித்தேன். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். பாட்டில் பயம் போய்விட்டது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாரோ என்ற பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவருடைய செருப்பு வாசலில் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

இன்று காலை நான் வேலைக்குப் புறப்படும்போது மேஜை மேல் ஒரு டீ இருந்தது. அவர் போட்டது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "சர்க்கரை போட்டாச்சு" என்றார்.

குரலைத் தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. கேட்கிறாரா சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கையில் ஸ்பூனோடு நின்றேன். பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் குடித்துப் பார்த்தேன்.

போட்டிருந்தார்.

நான் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து, "மச்சானுக்கு போன் போட்டுப் பேசணும். அவன்கிட்ட நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும்" என்றார். நானும் கேட்க வேண்டும். காகிதத்தில் கேட்டால் போதாது. நான் சொன்னதை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன், உன் குரல் எனக்குக் கேட்க வேண்டும். நீ விட்டால்.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

கடிதத்தை ஆலையில் நின்றே படித்தேன். முதலாளி அந்தப் பக்கம் வந்தார். என்ன முகமெல்லாம் இப்படி இருக்கிறது என்றார். வெங்காயம் என்றேன். பீர் ஆலையில் ஏது வெங்காயம்?

கோபம் முழுசாகப் போகவில்லை. போன மாதிரி நடிக்க என்னால் முடியாது. கொஞ்ச நாள் ஆகும், பொறுத்துக்கொள். ஆனால் நேற்று நானே எடை போட்டு நானே ஊற்றினேன். யாரையும் கூப்பிடவில்லை. செய்தது ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் பாதித் தெருவிலிருந்து திரும்பி வரவில்லை. பூட்டியிருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

மாமா மன்னிப்பெல்லாம் கேட்கக் கூடாது என்று சொல். அவர் டிங் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும் எனக்கு.

போன் விஷயம். நம் லட்சணம் நமக்குத் தெரியும். நீ போட்டுக்கொண்டே இருப்பாய், நானும் போட்டுக்கொண்டே இருப்பேன், இரண்டு பக்கமும் என்கேஜ்டாகவே இருக்கும், அப்புறம் இன்னொரு நாலு வருஷம் போய்விடும். அதனால் குரலைத் தூக்காமல் இறக்காமல், யார் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். நிதானமாக இரண்டு தடவை படி, ஓனரையும் கூப்பிட்டுப் படிக்கவை.

மே நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, நான் போடுகிறேன். நீ போடாதே.

குண்டூசி